எக்செல் கோப்பைப் பிறர் நம்பிப் புழங்கும் செயலியாக்குவது எப்படி?

மும்பையில் நம்மவர்கள் நடத்தும் சிறு தொழில்களில், அது தாராவியின் தோல்பைப் பட்டறையாக இருந்தாலும் மாட்டுங்காவின் மளிகைக் கடையாக இருந்தாலும், கணக்கின் பெரும்பகுதி ஓர் எக்செல் கோப்பில்தான் இருக்கிறது. வீட்டிலோ சொந்தத்திலோ கணினி தெரிந்த ஒருவர் அதை எழுதிக் கொடுத்திருப்பார்; அவர் அருகில் இருக்கும்வரை அது ஒழுங்காக ஓடும்; அவர் வேலை கிடைத்துச் சென்னைக்கோ புணேவுக்கோ போன அடுத்த மாதமே, எந்தச் செல்லைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று யாருக்கும் தெரியாமல் போகும். எழுதியவர் ஊரில் இல்லாதபோதும், அவரைப் பார்த்தே இராத ஒருவர் தட்டச்சு செய்யும்போதும், தவறான விடையைச் சரியான விடைபோல் காட்டாத கோப்பைத்தான் தொழில்முறைத் தரமுள்ளது என்று சொல்ல முடியும். நிறமும் பொத்தான்களும் அதற்குப் பிறகு வருபவை.

கூட்டல், இஃப் போன்ற அடிப்படை ஃபார்முலாக்கள் தெரிந்து, அடுத்த படிக்குப் போக நினைப்பவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டு ஒன்று இருந்தால் விளக்குவது எளிது என்பதால், தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு தோல்பைப் பட்டறையை வைத்துக்கொள்வோம். அங்கே தோல் சதுர அடிக் கணக்கில் வாங்கப்படுகிறது. காரிகர்கள் எனப்படும் தையல் தொழிலாளர்கள் பீஸ் கணக்கில் தைத்து வாரம்தோறும் கூலி வாங்குகிறார்கள். பைகள் மகாராஷ்டிரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள கடைகளுக்கு பில் போட்டு அனுப்பப்படுகின்றன. இந்த மூன்றையும் ஒரே கோப்பில் கொண்டுவர வேண்டும் என்பது முதலாளி அண்ணாச்சியின் விருப்பம்.

கணினியைத் திறப்பதற்கு முன்

முதற்படி காகிதத்தில்தான் தொடங்க வேண்டும். அண்ணாச்சியிடம் "என்னென்ன விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும்?" என்று கேட்டால் பட்டியல் முடிவில்லாமல் நீளும். அதற்கு மாறாக, "வெள்ளிக்கிழமை மாலையில் உங்கள் கையில் என்ன தாள் இருக்க வேண்டும்?" என்று கேட்டால் பதில் தெளிவாக வரும்: ஒவ்வொரு காரிகருக்கும் இந்த வாரம் எவ்வளவு கூலி, அதில் கர்ச்சியாக, அதாவது கைச்செலவு முன்பணமாக, முன்பே வாங்கியது எவ்வளவு, மீதி எவ்வளவு, எந்தக் கடை எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறது, எந்த வகைத் தோல் எத்தனை சதுர அடி கையிருப்பில் உள்ளது. இந்த மூன்று தாள்களையும் கையால் வரைந்து அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு, அந்தத் தாள்களுக்குத் தேவையான விவரங்களை மட்டும் பதிவில் சேர்க்க வேண்டும். அறிக்கையில் எங்கும் வராத விவரத்தை நிரப்பச் சொன்னால், பதிவு செய்பவர் இரண்டாம் வாரத்திலிருந்து அங்கே கோடு போடத் தொடங்குவார்.

அதே நாளில் இன்னும் இரண்டு செய்திகளை விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, பட்டறைக் கணினியில் இருப்பது எந்த ஆண்டு எக்செல் என்பது. எக்ஸ்லுக்அப் போன்ற புதிய ஃபார்முலாக்கள் 2021 பதிப்பிலும் 365 சந்தாவிலும் இருக்கின்றன, 2016-இலும் 2019-இலும் இல்லை. இன்னொன்று, அறிக்கையை அண்ணாச்சி எங்கே பார்ப்பார் என்பது; செல்பேசியில்தான் பார்ப்பார் என்றால், செல்பேசி எக்செல்லில் மேக்ரோ (எக்செல்லுக்குள் எழுதி வைக்கும் சிறு நிரல்) ஓடாது என்பதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொண்டு, அறிக்கைகளைப் பிடிஎஃப் ஆக அனுப்பும் வழியை யோசிக்க வேண்டும்.

தரவை அடுக்குவது

பழைய கோப்பைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஏப்ரல், மே, ஜூன் என்று மாதத்துக்கு ஒரு ஷீட். ஒவ்வொரு ஷீட்டிலும் இடது பக்கம் காரிகர் பெயர், மேலே 1 முதல் 31 வரை தேதிகள். தலைப்பில் நான்கைந்து செல்கள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். கூலி கொடுத்தாயிற்று என்றால் அந்தச் செல்லுக்கு மஞ்சள் பூசப்பட்டிருக்கும். கண்ணுக்கு இது வசதியாக இருக்கும். ஆனால் மஞ்சள் செல்களை மட்டும் கூட்டு என்று சாதாரண ஃபார்முலாவிடம் சொல்ல முடியாது. மூன்று மாதக் கூலியைச் சேர்த்துப் பார்க்க மூன்று ஷீட்டுகளுக்கு ஓட வேண்டும். ஜூலையில் புதிதாக ஒரு காரிகர் சேர்ந்தால், நடுவே ஒரு வரிசையை நுழைத்த கணமே மற்ற ஷீட்டுகளோடு பொருத்தம் கெட்டுப்போகும்.

இதற்குத் தீர்வு ஒன்றுதான்: ஒரு நிகழ்வுக்கு ஒரு வரிசை, ஒரு விவரத்துக்கு ஒரு பத்தி, எல்லா மாதங்களும் ஒரே ஷீட்டில். கூலிப் பதிவு என்றால் பதிவு எண், தேதி, காரிகர் குறியீடு, பை வகைக் குறியீடு, பீஸ் எண்ணிக்கை, பீஸ் விலை, நிலை என்று ஏழு பத்திகள் போதும். மஞ்சள் நிறம் செய்த வேலையை "நிலை" என்ற பத்தி செய்யும். அதில் "பாக்கி" அல்லது "கொடுத்தாயிற்று" என்று எழுத்தில் இருக்க வேண்டும். மாதம் என்ற பத்தியே தேவையில்லை, ஏனென்றால் தேதியிலிருந்து அதைப் பிரித்துக்கொள்ளலாம். நீளமாக வளரும் இந்தப் பட்டியலைப் பார்த்து முதலில் அண்ணாச்சி முகம் சுளிப்பார். அவர் விரும்பும் பழைய கட்டவடிவத்தை, பட்டியலைத் தொகுத்துக் காட்டும் பைவட் டேபிள் ஒரு நொடியில் போட்டுக் காட்டும் என்பதை அங்கேயே செய்து காட்டிவிடுவது நல்லது.

பட்டியலை அடுக்கியதும் அதற்குள் ஒரு செல்லில் நின்று கன்ட்ரோல் விசையோடு டி-யை (T) அழுத்தி, அதை எக்செல்லின் "டேபிள்" ஆக மாற்றி, அதற்குக் "கூலிப்பதிவு" என்பது போல ஒரு பெயரும் வைக்க வேண்டும். இந்த ஒரு படியைப் பலர் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். டேபிளாக இருந்தால், அடியில் புதிய வரிசை சேரும்போது அதைச் சார்ந்த ஃபார்முலாக்களின் எல்லையும் தானாகவே நீளும். இல்லாவிட்டால் கூட்டல் 200-ஆவது வரிசையில் நின்றுவிட, 201-ஆவது வரிசையின் பணம் சத்தமில்லாமல் காணாமல் போகும். இது சிறு கடைகளில் மட்டும் நடப்பதல்ல. அரசுக் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றி ஹார்வர்டு பொருளியலாளர்கள் ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி எடுக்கும் ஃபார்முலா 20 நாடுகளுக்குப் பதிலாக 15 நாடுகளோடு நின்றுவிட்டிருந்தது. 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அவர்களது கோப்பையே வாங்கிப் பார்த்தபோதுதான் அது வெளியே வந்தது.

நிகழ்வுப் பதிவுகளைத் தவிர, அதிகம் மாறாத விவரங்களுக்குத் தனி ஷீட்டுகள் வேண்டும்: காரிகர் பட்டியல், பை வகைப் பட்டியல், கடைப் பட்டியல். ஒவ்வொன்றிலும் முதல் பத்தி ஒரு குறியீடாக இருக்க வேண்டும். "முருகன்", "முருகன் எஸ்", கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியோடு "முருகன் " என்று மூன்று விதமாகத் தட்டினால், எக்செல்லுக்கு அவர்கள் மூன்று பேர். மூவருக்கும் கூலித் தாளில் தனித்தனி வரி விழும். கா-07 என்று குறியீடு கொடுத்து, பதிவு ஷீட்டில் அதை டிராப் டவுனிலிருந்து தேர்வு செய்ய வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பெயர்களைத் தமிழில் வைப்பதாக இருந்தால் யூனிகோடு எழுத்துரு மட்டுமே. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துக் குவியல்தான், தேடினாலும் கிடைக்காது.

தேதியும் எண்ணும் போடும் வேடம்

புதியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இது என்பதால் சற்று நின்று பார்ப்போம். எக்செல்லுக்குத் தேதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து அங்கிருந்து நாள்களை எண்ணுகிறது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 05-04-2025 என்று தட்டும்போது அது மே 4 ஆகிவிடும். இதில் விபரீதம் என்னவென்றால் எந்த எச்சரிக்கையும் வராது. 25-04-2025 என்று தட்டினால் 25-ஆவது மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அந்த வரி எந்த மாதக் கூட்டலிலும் சேராது. ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நின்றால், இடப்பக்கம் நிற்பவை தேதிகளே அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். விண்டோஸின் வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றுவதுதான் முதல் வேலை; அதைச் செய்தால் எண்களும் 12,34,567 என்று நம் லட்சக் கணக்கில் காற்புள்ளி பெற்று வரும். தேதிச் செல்லின் வடிவத்தில் மாதம் எழுத்தில் தெரியுமாறு, அதாவது 05-ஏப்ரல்-2025 என்பது போல வைத்துவிட்டால், தவறு நேர்ந்தாலும் தட்டுபவரின் கண்ணில் உடனே படும்.

எண்போலத் தெரிவதெல்லாம் எண் அல்ல என்பது அடுத்தது. வங்கிக் கணக்கு எண்ணின் முன்னே வரும் பூஜ்யங்களை எக்செல் தின்றுவிடும். 15 இலக்கங்களுக்கு மேல் போனால் மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். கூட்டிக் கழிக்கத் தேவைப்படாத எதுவும், கணக்கு எண்ணோ, கைப்பேசி எண்ணோ, பின்கோடோ, எழுத்து வடிவத்தில் இருக்க வேண்டும். தட்டுவதைத் தானே தேதியாக மாற்றும் எக்செல்லின் பழக்கத்துக்கு அறிவியல் உலகமே வளைந்துகொடுத்திருக்கிறது: மார்ச், செப்டம்பர் என்பவற்றின் சுருக்கம்போல் ஒலிக்கும் மனித மரபணுக்களின் குறியீடுகளை, அதற்கென உள்ள பன்னாட்டுப் பெயரிடும் குழு 2020-இல் மாற்றியே விட்டது.

விலையும் வரியும் மாறும்போது

தோல்பை ஒன்றின் தையல் கூலி 85 ரூபாய் என்று பை வகைப் பட்டியலில் இருக்கிறது; கூலிப் பதிவில் அதை, பட்டியலில் தேடி எடுக்கும் விலுக்அப் ஃபார்முலா காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்குப் பிறகு கூலி 95 ஆகிறது. யாரோ பட்டியலில் 85-ஐ அழித்து 95 என்று எழுதுகிறார்கள். அந்த நொடியில், ஏப்ரலில் இருந்து கொடுத்து முடித்த கூலி அத்தனையும் 95 கணக்கில் மாறிவிடும். எல்லாக் காரிகருக்கும் அண்ணாச்சி பாக்கி வைத்திருப்பதாகத் தாள் சொல்லும். பில்லின் தேதிக்கு "இன்று" என்ற ஃபார்முலாவைப் போடுவதும் இதே வகைப் பிழைதான். மூன்று மாதத்துக்கு முந்தைய பில்லைத் திறந்தால் அதில் இன்றைய தேதி நிற்கும்.

நடந்து முடிந்த நிகழ்வின் மதிப்பு பின்னால் மாறக்கூடாது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பதிவு செய்யும் நேரத்து விலையை, ஃபார்முலாவாக இல்லாமல் எண்ணாகவே அந்த வரிசையில் பதித்துவிடுவது ஒன்று. விலைப் பட்டியலில் "அமலுக்கு வரும் தேதி" என்றொரு பத்தி வைத்து, பழைய விலையை அழிக்காமல் அடுத்த வரிசையில் புதியதைச் சேர்த்து, பதிவின் தேதிக்குள் அமலுக்கு வந்தவற்றுள் கடைசியானதை எடுக்கும்படி ஃபார்முலா எழுதுவது மற்றொன்று. கூலிக்கு முதல் வழி போதும். வரிக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். 22 செப்டம்பர் 2025 அன்று சரக்கு சேவை வரியின் 12, 28 விழுக்காட்டு அடுக்குகள் பெரும்பாலும் நீக்கப்பட்டுப் பல பொருள்கள் 5-க்கும் 18-க்கும் மாறின. பதப்படுத்தி முடித்த தோலும் 12-லிருந்து 5-க்கு வந்தது. வரி விகிதத்தைத் தேதியோடு ஒரு பட்டியலில் வைத்திருந்தவர்களுக்கு அன்று ஒரு வரிசை சேர்க்கும் வேலை. ஒவ்வொரு ஃபார்முலாவுக்குள்ளும் 12 என்று எழுதி வைத்திருந்தவர்களுக்கு ஷீட் ஷீட்டாகத் தேடும் வேலை.

பொதுவாகவே, ஃபார்முலாவுக்குள் எந்த எண்ணையும் நேரடியாக எழுதாமல், "அமைப்புகள்" என்ற ஷீட்டில் ஒரு செல்லில் வைத்து அதற்குப் பெயர் சூட்டிப் பயன்படுத்துவது நல்ல பழக்கம்.

ஃபார்முலாக்கள்

இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்கான அடுக்குமுறை இருந்தால் பட்டறைக் கணக்கில் முக்கால்வாசியை, நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் ஒன்றே முடித்துவிடும். ஆனால் மூன்று கண்ணிகளைக் குறிப்பிட்டாக வேண்டும்.

விலுக்அப்பின் கடைசிப் பகுதியை எழுதாமலே விட்டால் அது தோராயப் பொருத்தத்தைத் தேடும். கா-07 பட்டியலில் இல்லாவிட்டாலும் பக்கத்தில் உள்ள யாருடைய விவரத்தையாவது எடுத்து வைக்கும். குறியீட்டைத் தேடும்போது அங்கே "ஃபால்ஸ்" என்று எழுத வேண்டியது கட்டாயம். அடுத்து, பிழை வரும் இடத்திலெல்லாம் இஃப்எரர் போட்டுப் பூஜ்யத்தைக் காட்டுவது. இது பிழையைத் திருத்துவதில்லை, போர்வை போர்த்துகிறது. குறியீடு கிடைக்கவில்லை என்றால் "குறியீடு இல்லை" என்று சிவப்பில் தெரிவதுதான் நியாயம்.

மூன்றாவது, பில்லில் வரி பிரிப்பது. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். மகாராஷ்டிரம் 27, தமிழ்நாடு 33. மாநிலத்துக்குள் விற்பனை என்றால் மத்திய வரி, மாநில வரி என்று பாதிப் பாதி; வெளிமாநிலத்துக்குப் போனால் ஒருங்கிணைந்த வரி. எனவே முதல் இரண்டு எழுத்தைப் பிரித்து 27-ஓடு ஒப்பிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் "லெஃப்ட்" ஃபார்முலா பிரித்துத் தருவது எழுத்து. நாம் ஒப்பிடுவது எண். எக்செல்லுக்கு எழுத்து வடிவ 27-உம் எண் வடிவ 27-உம் சமம் அல்ல. விளைவாக, மும்பையிலேயே உள்ள சயான் கடைக்குப் போடும் பில்லிலும் வெளிமாநில வரியே விழும். ஒப்பிடும் 27-ஐயும் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். அதைவிடச் சிறந்தது, கடைப் பட்டியலில் மாநிலத்துக்கென்றே ஒரு பத்தி வைப்பது. பதிவு பெறாத கடைகளுக்கு ஜிஎஸ்டி எண்ணே இருக்காது, சரக்கு வேறு மாநிலத்தில் இறங்கும் சந்தர்ப்பங்களும் உண்டு.

பில் எண்ணையும் இங்கேயே சொல்லிவிடலாம். விதிப்படி அது ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வராத தொடர் எண்ணாக, 16 எழுத்துகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும். வரிசைகளை எண்ணி ஒன்று கூட்டி அடுத்த எண்ணை உருவாக்கினால், நடுவில் ஒரு வரிசையை நீக்கியதும் ஏற்கெனவே கொடுத்த எண் மறுபடியும் வரும். இருப்பதில் பெரிய எண்ணை எடுத்து ஒன்று கூட்ட வேண்டும். ரத்தான பில்லை நீக்காமல் நிலைப் பத்தியில் "ரத்து" என்று குறிக்க வேண்டும்.

பதிவுப் பக்கமும் பூட்டும்

தட்டும் செல்களுக்கு ஒரு நிறம், கணக்கிடும் செல்களுக்கு வேறு நிறம், இவ்வளவே அலங்காரத்துக்குப் போதும். தட்டுவதைச் சரிபார்க்கும் டேட்டா வேலிடேஷன் மூலம் தேதிக்கு நிதியாண்டு எல்லையையும் பீஸ் எண்ணிக்கைக்கு முழு எண் கட்டுப்பாட்டையும் வைத்து, மறுக்கும்போது வரும் செய்தியைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இந்தக் கட்டுப்பாடு மீறப்படும், பல நேரங்களில் அழிந்தே போகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஷீட்டைப் பூட்டுவது கைத்தவறைத் தடுக்கும், களவைத் தடுக்காது. ஷீட் கடவுச்சொல்லை உடைப்பது எளிது. உண்மையாகவே மறைக்க வேண்டிய கோப்புக்குத் திறக்கும்போதே கடவுச்சொல் கேட்கும் குறியாக்கம் வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு: பூட்டிய ஷீட்டில் உள்ள டேபிள் தானாக நீளாது. அதனால் பதிவு டேபிள்கள் உள்ள ஷீட்டைப் பூட்டாமல் விட்டு, அறிக்கை, அமைப்புகள், விலைப் பட்டியல் ஆகியவற்றைப் பூட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். பதிவையும் பூட்டத்தான் வேண்டும் என்றால், பூட்டைத் திறந்து எழுதி மறுபடி பூட்டும் மேக்ரோ தேவைப்படும்.

மேக்ரோவைக் கடைசியில் தொடுங்கள்

இதுவரை சொன்னவை மேக்ரோ இல்லாமலே நடக்கும். பில்லைச் சேமிக்கும் பொத்தான், வாரக் கூலித் தாள்களைப் பிடிஎஃப் ஆக்கும் பொத்தான் போல, திரும்பத் திரும்பச் செய்யும் இரண்டொரு வேலைகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது நல்லது. மேக்ரோ ஓடி ஷீட்டை மாற்றியதும், கன்ட்ரோல் விசையோடு இசட்டை அழுத்திப் பின்வாங்கும் வசதி பறிபோகிறது என்பதே இந்தச் சிக்கனத்துக்குப் போதுமான காரணம்.

எழுதும்போது, ஒவ்வொரு மாட்யூலின் (மேக்ரோ எழுதும் பக்கத்தின்) தலையிலும் "ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்" இருக்க வேண்டும். அது இருந்தால், பெயரை எழுத்துப்பிழையோடு தட்டிய மாறியை (மதிப்பை வைத்திருக்கும் பெயரை) புதிய மாறியாக எடுத்துக்கொள்ளாமல் எக்செல் உங்களை நிறுத்தும். வரிசைகளை எண்ணும் மாறியை "இன்டிஜர்" என்று அறிவித்தால் 32,767-க்கு மேல் தாங்காது; "லாங்" என்று அறிவிக்க வேண்டும். மேக்ரோவில் உள்ள "ரவுண்ட்" சரிபாதியை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும், அதாவது 2.5 என்பது 2 ஆகும். ஷீட்டில் உள்ள "ரவுண்ட்" அதையே 3 ஆக்கும். பில் தொகை இரண்டு இடங்களிலும் கணக்கிடப்பட்டால் ஒரு ரூபாய் இடிக்கும் மர்மம் இதுதான். மேக்ரோவிலும் ஷீட்டின் ரவுண்டையே கூப்பிட வேண்டும்.

தமிழில் செய்தி காட்ட விரும்புபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மேக்ரோ எழுதும் பெட்டி யூனிகோடு அறியாதது. அங்கே தமிழில் ஒட்டினால் கேள்விக்குறிகளாக மாறிவிடும். செய்திகளை "செய்திகள்" என்ற ஷீட்டில் எழுதி வைத்து மேக்ரோவை அங்கிருந்து எடுக்கச் சொன்னாலும், வழக்கமான செய்திப் பெட்டி அவற்றையும் கேள்விக்குறியாகத்தான் காட்டும். நாமே வடிவமைக்கும் பெட்டியான யூசர்ஃபார்மில் லேபிள் ஒன்றை வைத்து, ஷீட்டில் உள்ள வாசகத்தை ஓடும் நேரத்தில் அதற்குள் இட்டால் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ இறக்கிய கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கிறது. அனுப்பிய கோப்பு "வேலை செய்யவில்லை" என்று தொலைபேசி வந்தால், கோப்பின் மேல் வலது சொடுக்கி, ப்ராபர்ட்டீஸில் உள்ள "அன்பிளாக்" கட்டத்தைக் குறியிடச் சொல்ல வேண்டும்; அப்படிச் செய்வது நாமே எழுதித் தந்த கோப்புக்கு மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சோதனை

சரியாக நடக்கும் என்று தெரிந்ததைச் சோதிப்பதில் பயன் இல்லை. மார்ச் 31-க்கும் ஏப்ரல் 1-க்கும் ஒவ்வொரு பில் போட்டு, பில் எண் புதிய நிதியாண்டுக்குத் தாவுகிறதா என்று பார்க்க வேண்டும். சென்னைக் கடைக்கு ஒன்று, சயான் கடைக்கு ஒன்று, ஜிஎஸ்டி எண் இல்லாத ஆளுக்கு ஒன்று. திரும்பி வந்த பைகள், ரத்தான பில், விலை மாறிய நாளுக்கு முன்னும் பின்னும் ஒரே காரிகரின் வேலை. இவை அத்தனைக்கும் விடையைக் கால்குலேட்டரில் முன்கூட்டியே போட்டு ஒரு ஷீட்டில் எழுதி வைத்து, கோப்பு தரும் விடை அருகில் நிற்கும்படி செய்தால், நாளை ஏதாவது ஃபார்முலாவைத் திருத்தும்போதும் அதே ஷீட் காவல் காக்கும்.

அன்றாடப் பயன்பாட்டுக்கும் ஒரு சரிபார்ப்புச் செல் வேண்டும். கூலிப் பதிவின் மொத்தமும் காரிகர்வாரி அறிக்கையின் மொத்தமும் ஒன்றாக இருந்தால் அது பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பட்டியலில் இல்லாத குறியீட்டோடு ஒரு வரி நுழைந்தாலும் அறிக்கையின் மொத்தம் குறைந்து அது சிவந்துவிடும். அந்தச் செல் பில் பக்கத்தின் மேற்புறத்தில், யார் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

பிறகு கனம். ஐந்தாண்டுப் பதிவுக்குச் சமமான வரிசைகளை நகலெடுத்து நிரப்பிப் பார்த்தால், கோப்பு எங்கே மூச்சு வாங்குகிறது என்று தெரியும். ஆஃப்செட், இன்டைரெக்ட் போல ஒவ்வொரு தட்டலுக்கும் மறுபடி கணக்கிடும் ஃபார்முலாக்கள்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். கோப்பின் வகையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய எக்ஸ்எல்எஸ் வகையில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைகள் மட்டுமே. 2007 முதல் வந்த வகைகளில் 10,48,576. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2020-இல் பழைய வகைக் கோப்பில் கொரோனா முடிவுகளை இறக்கியதால், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 பேரின் விவரங்கள் எண்ணிக்கையிலிருந்து விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமானது.

ஒப்படைப்பதும் அதற்குப் பின்னும்

பதிவு செய்யப்போகும் நபரை உட்காரவைத்து, பக்கத்தில் நின்று, வாயைத் திறக்காமல் ஒரு நாள் பதிவைச் செய்யவிட்டுப் பார்க்க வேண்டும். அவர் தயங்கும் ஒவ்வோர் இடத்திலும் மாற வேண்டியது ஷீட்தான். கோப்புக்குள்ளேயே "மாற்றங்கள்" என்றொரு ஷீட் வைத்து, எந்தத் தேதியில் எதை ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிவந்தால், அடுத்து இதைத் தொடப்போகும் ஆள் உங்களைத் தேட வேண்டியிராது. ஜூலை மழையில் தரைமட்டப் பட்டறைகளுக்குள் தண்ணீர் ஏறும் ஊரில், கோப்பின் நகல் அதே கணினியின் இன்னொரு ஃபோல்டரில் இருப்பது நகல் ஆகாது. வாரம் ஒருமுறை தேதியிட்ட நகல் வேறு இடத்துக்கும் போக வேண்டும்.

எக்செல் போதாத கட்டமும் வரும். இரண்டு பேர் இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் பில் போட வேண்டும் என்றால், இருவருக்கும் ஒரே எண் கிடைக்கும் ஆபத்து இருக்கிறது. பட்டறை பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகப் பதிவானால், அதன் கணக்கு மென்பொருளில் யார் எதை எப்போது மாற்றினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எக்செல் கோப்பு அந்த விதிக்கு ஈடுகொடுக்காது. அப்போது டேலி போன்ற கணக்கு மென்பொருளுக்கோ தரவுத்தளத்துக்கோ மாற வேண்டியதுதான். ஒரு நிகழ்வுக்கு ஒரு வரிசை என்று அடுக்கிய டேபிள்களை, காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பான சிஎஸ்வி வகையில் சேமித்து அங்கே ஏற்றுவது பெரிய வேலை அல்ல. சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி-யைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும் என்பதால், பட்டியலில் உள்ள யூடிஎஃப்-8 சிஎஸ்வி வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.